திரும்பிப்போன பதிவுத் தபால்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் வேலை செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற படிப்பு. கிழக்கு ஜெர்மனியில் அச்சுத் தொழில் படிக்க உதவித்தொகை தருகிறார்கள் என்று அறிந்து டில்லிக்கு மனுப் போட்டேன். முன்பு போட்ட மூன்றுக்கும் பதில் வராததால் இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நிலையான இருப்பிடம் கிடையாது. மகாபலிபுரத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அக்காவின் விலாசத்தை, அவரிடமும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு வேலை சலித்து, படாளம் பக்கம் அறுவடைக்குப் போய்விட்டேன். ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தபோது அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாடா பண்ணித் தொலைச்ச? டில்லிலேர்ந்து உன் பேருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்துது. கோர்ட்டு கேசோ இன்னாவோ, அப்டி யாரும் இங்க இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"எப்பக்கா?"

"பொங்கலுக்கு முன்ன. போஸ்ட்மேன் ரெண்டு தபா கேட்டான், ரெண்டு தபாவும் இல்லன்னே சொன்னேன். துன்னு, இட்லி ஆறுது."

டில்லிக்கு எழுதிக் கேட்டேன். நேர்காணல் முடிந்து இடங்கள் நிரம்பிவிட்டதாகப் பதில் வந்தது. அக்கா எனக்காகத்தான் பொய் சொன்னார். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கைநாட்டு வைத்து வாங்கி, படாளத்துக்கே பஸ் ஏறி வந்து கொடுத்திருப்பார்.