ராஜா குடித்த மோர்

நேற்று ஆனையூரில் பக்கத்து வீட்டு அக்கா, இஞ்சி தட்டிப் போட்ட மோரை நீட்டினார். பெருங்காய வாசனை என்னைத் தொண்ணூறுகளின் ஒரு தேர்தல் வெயிலுக்குக் கொண்டுபோனது.

அப்பா பழைய ராஜ குடும்பத்து வாரிசு. பட்டமும் நிலமும் போன பிறகு தேர்தலில் நின்றார். சிறுமியான நானும் ஜீப்பில் கூடப் போனேன். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் அரண்மனை வாசலை ஒருகாலத்தில் மிதிக்க விடப்படாதவர்களின் தெருவில், ஒரு பெண் செம்போடு ஓடிவந்தார்; பின்னாலேயே என் வயதில் அவர் மகள்.

“எம்புட்டு வெயிலு! ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க சாமி.”

அப்பா இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடித்தார். தெருவே கைதட்டியது. அந்தப் பெண் அழுதுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருவைத் தாண்டிக் கண்மாய்க்கரை வந்ததும் அப்பா ஜீப்பை நிறுத்தி இறங்கி, விரலை விட்டு வாந்தி எடுத்தார்.

“உடம்பு முடியலையாப்பா?”

“அதெல்லாம் இல்லம்மா. அந்தத் தெரு மோரு நம்ம வயித்துல தங்கலாமா?”

திரும்பினால், அந்தப் பெண்ணின் மகள் நின்றிருந்தாள். அப்பா விட்டுவந்த துண்டைக் கொடுக்க ஓடிவந்தவள். என் மடியில் அதை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அப்பா ஜெயித்தார். நன்றி சொல்லப் போனபோது அந்த அம்மா மறுபடியும் சிரித்தபடி மோர் கொண்டுவந்தார். மகள் அவரிடம் சொல்லவே இல்லை. அப்பா மறுபடியும் அண்ணாந்தார். மகள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவளுக்கும் இப்போது என் வயதுதான் இருக்கும். தன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லியிருக்க மாட்டாள்.