விமான நிலையத்தில் அம்மா நீட்டிய கை

விமான நிலையம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அதுவும் அம்மாவை ஏற்றிவிடுவதற்கு. ஏற்றிவிட முடியாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

எங்கள் வீடு அப்பா இல்லாத வீடு. அண்ணன் சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தான். பாகலூரில் எங்கள் நிலம் ராகிக்கும் கொள்ளுக்கும் மேல் எதுவும் தராது என்று போனவன். அவன் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அம்மாவைக் கேட்டபடி இருக்கிறான் என்று கடை முதலாளி தந்தி கொடுத்தார். கப்பலில் வந்தால் காலம் தாழ்ந்துவிடும் என்று விமான டிக்கெட்டுக்கும் அவரே ஏற்பாடு செய்தார். நல்ல மனுஷர். அம்மாவை ஒருமுறை வரவழைக்க ஆசைப்பட்டு அண்ணன் முன்பே எடுக்கவைத்த பாஸ்போர்ட் பெட்டியில் இருந்தது. குறை ஒன்றே ஒன்றுதான். அம்மா அம்மை குத்திக்கொள்ளாதவள்.

எங்கள் வீட்டில் யாருமே குத்திக்கொண்டதில்லை. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்காட்டுக்கு ஓடுவார்கள். மாரியம்மன் தானாக வரவேண்டியவள், அவளை ஊசி முனையில் வரவழைப்பது அடாத காரியம் என்று நினைப்பு. அப்படிப்பட்ட அம்மா ஓசூருக்குப் போய், சுகாதார இன்ஸ்பெக்டர் முன்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொடுத்தாள். மகனுக்காக அம்மனையே பகைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டார். எட்டாம் நாள் வந்து கொப்புளத்தைக் காட்டினால்தான் இரண்டாவது கையெழுத்து, அது இல்லாமல் விமானத்தில் விடமாட்டார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அண்ணன் அங்கே கிடக்க, நாங்கள் இங்கே ஒரு கொப்புளத்துக்காகக் காத்திருந்தோம்.

குத்திய இடத்தில் முத்து எழும்பியது. காய்ச்சலும் வந்தது. அம்மாவுக்கு அது ஊசியால் வந்தது என்ற பேச்சே இல்லை. ஆத்தா இறங்கிவிட்டாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றி அம்மனை வழியனுப்பும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எட்டாம் நாள் ஓசூருக்குக் கிளம்பச் சொன்னோம்.

“ஆத்தாள ஒடம்புல வெச்சிக்கினு எல்லை தாண்டச் சொல்றீங்களா? அங்க கெடக்கறவனுக்கு எதனா ஆயிட்டா?” என்று கேட்டாள்.

தாய்மாமா மட்டும் போய் இன்ஸ்பெக்டரை ஊருக்கு வரும்படி கெஞ்சினார். ஒரு கையைப் பார்க்க நான் அவ்வளவு தூரம் வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். மாமா வந்து எங்களைத் தேற்றினார்.

“கையில தழும்பு இருக்கறப்ப காயிதம் எதுக்கு? அவங்களுக்குக் கண்ணில்லையா?”

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

விமான நாள் நெருங்கியது. இரண்டு தண்ணீர்தான் ஊற்றியிருந்தது. மூன்றாவதற்கு உரிய நாள் விமானம் போன பிறகுதான் வந்தது. கிளம்பவேண்டிய அன்று அம்மா சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். “போலாம்” என்றாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஓசூரில் இறங்கிக் கையெழுத்து வாங்க நேரமில்லாமல் நேரே பெங்களூர் போய் ரயில் பிடித்து, அம்மாவும் மாமாவும் கல்யாணத்துக்கு நின்ற பெண்ணான நானும் பட்டணம் போய்ச் சேர்ந்தோம். விமான நிலையத்தில் எங்களை ஒவ்வொரு மேசையாகத் தள்ளினார்கள். ஒருவர் பெட்டியை நிறுத்தார், பிறகு அம்மாவையும் தராசில் ஏற்றி நிறுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு வாங்குகிறவன்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இன்னொருவர் அண்ணனுக்காக அம்மா திரித்த ராகி மாவைப் பிரித்துக் கொட்டி, இது என்ன பொடி என்றார். கடைசி மேசையில் சுகாதார அதிகாரி இருந்தார். சீட்டை ஒரு புரட்டுப் புரட்டினார்.

“ரெண்டாவது கையெழுத்து எங்கே?”

மாமா நடந்ததைச் சொன்னார். அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. அப்போது அம்மா, வேற்று ஆண்கள் முன்னால் நிமிர்ந்துகூட நிற்காதவள், போர்த்தியிருந்த முந்தானையைத் தள்ளினாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, மேசைக்கு மேலே கையை நீட்டினாள். பொருக்கு இன்னும் உதிரவில்லை. சுற்றிலும் மஞ்சள் அப்பியிருந்தது.

“பாருங்க சாமி, வந்திருக்கா பாருங்க. எம்புள்ள என்னக் கேட்டுக்கினு கெடக்கறான் சாமி.”

அவர் சீட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கையை எடும்மா. எனக்குக் கையெழுத்துதான் வேணும். அடுத்த வாரம் விமானம் இருக்கு, சரியாக் கொண்டு வாங்க.”

ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் அந்த மனுஷனுக்கு என்ன குறைந்து போயிருக்கும்? அம்மா நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். நான்தான் ரவிக்கையை இறக்கிவிட்டு வெளியே அழைத்து வந்தேன். வேலி ஓரம் நின்றிருந்தோம். விமானம் ஓடி, எழும்பி, கடல் பக்கம் போயிற்று. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓசூரில் அந்த இரண்டாவது கையெழுத்தை வாங்கக் கண்மூடித் திறக்கும் நேரம்தான் ஆயிற்று. ஆனால் அடுத்த விமானத்துக்கு முன்பே அண்ணன் போய்விட்டான் என்று தந்தி வந்துவிட்டது. கடைசி வரை வாசல் பக்கம் தலையைத் திருப்பியே கிடந்தான் என்று பின்னால் ஊருக்கு வந்த முதலாளி சொன்னார்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். அந்த அதிகாரியை வாயில் வந்தபடி வைதேன். நீயும் வை, வாய்விட்டு வைதால் மனசு ஆறும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அவரை ஒரு சொல் சொல்லவில்லை.

“அவரு என்னா பண்ணுவாரு பாவம். மூணாந் தண்ணி ஊத்தாம எல்லை தாண்டினவ நானு. பெத்த புள்ளய நானே முழுங்கிட்டன்.”

எத்தனையோ வருஷம் வாதாடிப் பார்த்தேன். சாகும்வரை அந்தப் பழியில் ஒரு துளியைக்கூட அவள் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை.