நாடாவுக்கு அப்பால் விழுந்த பந்து

மச்சாளின் வலது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, என் பல் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. அவளுடைய பிள்ளைகள் கேட்டால் நாய் கடித்தது என்று சொல்கிறாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்கிறாள். நானும் மறுத்ததில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு அம்மா அப்பாவோடு ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஊர் என்பது அவர்களுக்கு. எனக்கு அது மன்னார்ப் பாலத்துக்கு இக்கரையில், கடலை ஒட்டி, தகரக் கொட்டில்கள் வரிசையாக நின்ற ஒரு புது இடம். மச்சாள் என் தாய்மாமாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவர்கள் வன்னிக்குள் கடைசிவரை நின்று, பிறகு முட்கம்பி முகாமில் இருந்து, எங்களுக்கு முன்பே வந்து குடியேறியவர்கள். மாமா சண்டையில் செத்துப்போனார். மச்சாளின் அண்ணன், இயக்கத்தில் இருந்தவன் என்று பிடிபட்டு, வவுனியாவில் புனர்வாழ்வு முகாமில் இருந்தான். மாமி இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மச்சாள் அவனைப் பார்த்து ஒன்றரை வருடமாகியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு எல்லே விளையாட்டுக்கு ஓர் அணி சேர்த்தார்கள். பொல்லால் பந்தை அடித்துவிட்டு நாலு கம்பங்களையும் சுற்றி ஓடிவர வேண்டும். அடித்த பந்தை நிலத்தில் விழாமல் யாராவது பிடித்தால் அவள் வெளியே. ஓடும்போது பந்தால் எறிந்து அடித்தாலும் வெளியே. மாவட்டத்தில் வெல்லும் அணியை வவுனியாவுக்குக் கூட்டிப்போவார்கள் என்று ரீச்சர் சொன்ன அன்றே மச்சாள் பேர் கொடுத்தாள். ஆள் போதாததால் என் பேரையும் அவளே கொடுத்தாள்.

ரீச்சர் நல்லவர். குடையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் கொப்பி திருத்துவார். மற்றதெல்லாம் மச்சாள்தான். மேலே எழும்பிய பந்துக்கு இரண்டு பேர் ஓடி மண்டையில் மண்டை மோதிக்கொண்ட நாளில் அவள் ஒரு சட்டம் போட்டாள். பந்துக்குக் கிட்ட நிற்கிறவள் "என்ர!" என்று கத்த வேண்டும். கத்தினால் அது அவளுடைய பந்து, மற்றவர்கள் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. சனம் கூச்சல் போட்டாலும், ரீச்சரே விழுந்து கிடந்தாலும் பார்க்கக் கூடாது.

எனக்கு ஓடத் தெரியும், பிடிக்கத் தெரியும், கத்தத்தான் வராது. வாயைத் திறந்தால் என் இந்தியத் தமிழைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். நான் "ஆமா" என்றால் போதும், வகுப்பே திரும்பிப் பார்க்கும். மச்சாள் மைதானத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உன்ர தமிழைக் கேட்டுப் பந்து சிரிக்காது. கத்து!"

இந்த ஒரு பேச்சுக்காக அவளை எனக்குப் பிடித்துப்போனது. அது ஒரு கிழமைதான் நீடித்தது.

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பனங்கூடல். அதற்குள் மிதிவெடி எடுக்கிறவர்கள் தடித்த நீல அங்கியும் முகமூடியும் போட்டு, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். சுற்றிவர சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. மண்டையோடு போட்ட பலகையும் இருந்தது. வகுப்பில் படம் காட்டி எல்லாம் சொல்லித்தந்திருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். என்றாலும் ஒருநாள் எங்களிடம் இருந்த ஒரே பந்து அந்த நாடாவுக்கு அப்பால் நாலடி தள்ளி, இரண்டு எட்டில் எடுத்துவிடலாம் போலக் கிடந்தபோது, நான் நாடாவைத் தூக்கிவிட்டுக் குனிந்தேன்.

கன்னத்தில் விழுந்த அடியில் காது அடைத்துக்கொண்டது. மச்சாள் என் தலைமயிரைப் பிடித்து மைதானத்தின் நடுவரை இழுத்துவந்து விட்டாள்.

"விசரே உனக்கு? கண் தெரியேல்லையே?"

"பந்த எடுக்கத்தான போனேன். எதுக்கு அடிச்ச?"

அவள் குனிந்து என் கால்களைப் பார்த்தாள். பந்து அங்கேயே கிடந்தது. ரீச்சர் அடுத்த கிழமை வேறு பந்து வாங்கி வரும்வரை நாங்கள் சீலைத்துணியைச் சுருட்டிக் கட்டி விளையாடினோம். நாலடிக்காக இவ்வளவு அடியா என்று எனக்குக் கோபம். அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா முழுதும் கேட்டுவிட்டு மற்றக் கன்னத்தில் தானும் ஒன்று போட்டார்.

ஒருவர் விடாமல் எல்லாருக்கும் ஆச்சரியமாக, நாங்கள் இரண்டு ஆட்டங்களை வென்றோம். கடைசி ஆட்டம் பாலத்துக்கு அப்பால், தீவுக்குள்ளே, டவுன் மைதானத்தில். மாமி முதல் நாளே வவுனியாவுக்கு ஒரு பார்சல் கட்டிவிட்டார். கருவாடும் பனங்கட்டியும், கழுவி மடித்த ஒரு சாரமும். வென்ற பிறகு கட்டலாமே என்று அம்மா சொன்னதற்கு, "அவள் வெண்டிடுவாள்" என்று மட்டும் சொன்னார்.

எதிரணி தாழ்வுபாடு என்ற கரையோர ஊர்ப் பிள்ளைகள். நல்ல கைப்பலம் அவர்களுக்கு. மைதானத்தைச் சுற்றிச் சனம். சனம் உள்ளே வராமல் இருக்க ஒரு பக்கத்தில் கம்பு நட்டு நாடா கட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் கட்டியிருந்த அதே சிவப்பு வெள்ளை நாடா. பந்து அதைத் தாண்டிப் போனாலும் போய் எடுத்து எறியலாம் என்று நடுவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். நாடாவுக்கு அப்பால் ஒன்றுமில்லை. புல்லும், நாலைந்து கழுதைகளும்தான்.

கடைசிப் பிள்ளை அடிக்க வந்தபோது இரண்டு பக்கமும் சமம். அவள் சுற்றி வந்துவிட்டால் அவர்கள் வெற்றி. அவளை வெளியேற்றினால் சமநிலை, முந்தின வெற்றிகளின் கணக்கில் நாங்கள் வவுனியா போகலாம். மச்சாள் வலப்பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தியின் பேரையும் சொல்லிக் கூப்பிட்டு, முன்னுக்கு வா, பின்னுக்குப் போ என்று இடம் மாற்றினாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்துத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, பிறகு பந்தைக் காட்டினாள்.

அந்தப் பிள்ளை அடித்த அடி பந்தை எங்கேயோ தூக்கிக்கொண்டு போனது. அது என் பக்கம்தான் வருகிறது என்று தெரிந்ததும் என் வாயிலிருந்து, நானே நினைக்காமல், "என்ர!" என்று வந்தது. சுத்தமான ஊர்த் தமிழ். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அந்தந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். எனக்கு அந்த நேரம் வந்த சந்தோசம் பிறகு பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட வரவில்லை. பந்தை மட்டும் பார்த்தபடி ஓடினேன். பந்து என்னைத் தாண்டி, நாடாவையும் தாண்டி விழுந்து உருண்டது. பரவாயில்லை, ஓடுகிறவள் இன்னும் இரண்டாம் கம்பத்துக்குக்கூடப் போகவில்லை. நாடாவைத் தூக்கிக் குனிந்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் இடுப்பைக் கட்டிப்பிடித்தார்கள்.

மச்சாள். "என்ர" என்று ஒருத்தி கத்தினால் மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டவள், அவ்வளவு தூரம் ஓடிவந்து இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடு! விடுடி!" என்று நான் கத்தினேன். நாள் முழுக்கக் கத்தியவளின் வாயிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. சனம் சிரித்தது. ஓடுகிறவள் மூன்றாம் கம்பத்தைத் தொட்டாள். நான் குனிந்து மச்சாளின் கையைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. அப்போதும் அவள் விடவில்லை. அவள் விட்டபோது தாழ்வுபாட்டுப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ரீச்சர் குடையோடு ஓடிவந்தார். "என்ன பிள்ளை நடந்தது?"

மச்சாள் நாடாவைப் பார்த்தாள், கழுதைகளைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள். பிறகு, "வெயில் கண்ணில பட்டிட்டுது ரீச்சர்" என்றாள். அது பிற்பகல். வெயில் அவளுக்கு முதுகுப் பக்கம் அடித்தது.

வீட்டுக்கு வந்து, மச்சாள்தான் தோற்கடித்தாள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். மாமி அவளுடைய கையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, துணி கட்டினார். கோபிக்கவில்லை. மூலையில் வைத்திருந்த பார்சலை அவிழ்த்து, பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து எனக்கும் தந்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன். அதற்குப் பிறகு மச்சாளோடு மூன்று மாதம் பேசவில்லை. பொறாமை என்று நினைத்தேன். நான் பந்தை எடுத்து எறிந்து வெல்வது அவளுக்குப் பொறுக்கவில்லை, அதற்காகத் தன் அண்ணனைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அதற்கு முன்பு, அன்று டவுனிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில், மச்சாளுக்குப் பக்கத்தில் ஒருத்தியும் இருக்கவில்லை. கடித்தவள் என்று எனக்குப் பக்கத்திலும் ஒருத்தியும் இருக்கவில்லை. அதனால் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சீற்றில். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் குனிந்து என் கால்களைப் பார்த்தாள். பாலத்தில் ஏறும்போது மறுபடி பார்த்தாள். பாலம் தாண்டியதும் இன்னொரு தடவை.

"காலில ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டாள், தொண்டை கட்டின குரலில்.

வெறுங்காலோடு விளையாடியதில் முழங்கால்வரை செம்புழுதி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அழுக்குத்தான். வீட்ல போய் கழுவிக்கிறேன்" என்று சொல்லி, அவளுக்குத் தெரியாதபடி இரண்டு கால்களையும் சீற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.