தொண்ணூறாம் நாள் யாரும் வருவதில்லை

கான்கிரீட்டில் சாம்பல் கலக்கும் தொழிலில் கலப்பது சுலபம், கலக்க விடுகிற ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அனல்மின் நிலையத்தில் மலையாகக் கொட்டிக் கிடக்கும் நிலக்கரிச் சாம்பலை, சிமெண்டில் நாலில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடலாம் என்று தொண்ணூறுகளில் தாம்பரம் வட்டாரம் முழுக்க ஸ்கூட்டரில் அலைந்து சொன்னவன் நான். பகலில் யாரும் காது கொடுக்காததால் சாயங்காலம் அதையே மனைவி விமலாவிடம் சொல்வேன். வேண்டாத சரக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

முதல் மேஸ்திரி

மேற்குத் தாம்பரத்தில் கபாலி மேஸ்திரியிடம் ஒரு கைப்பிடிச் சாம்பலை நீட்டி, அரைமணி நேரம் விளக்கினேன். மனுஷன் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"இன்னா சார், குடித்தனம் பண்ற வூட்ல போய் சாம்பலைப் போடச் சொல்றே. அது கடல்ல கரைக்கிறதுக்குத்தானே கீது."

ஏழாம் நாள்

கலவையை அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, ஏழாம் நாள் மெஷினில் வைத்து உடைத்துப் பார்ப்போம். சாம்பல் கட்டி அன்றைக்குச் சீக்கிரமே உடைந்துவிடும், அதன் குணம் அப்படி. மெதுவாகத்தான் இறுகும், தொண்ணூறாம் நாள் சாதாரணக் கட்டியைத் தாண்டிவிடும். மாடி எடுக்க இருந்த குரோம்பேட்டை கணக்கு வாத்தியார் சாமுவேலிடம் இதைக் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் கீழே கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகப் போகத் தேறிடுவேன்னுதான் தம்பி என் கடைசி பெஞ்ச் பசங்களும் சொல்றாங்க."

தொண்ணூறாம் நாள்

அதே கலவையின் கடைசிக் கட்டியை உடைக்க வாத்தியாரைக் கூப்பிட்டேன். அவர் வெறும் சிமெண்டிலேயே மாடி போட்டு முடித்திருந்தார், வரவில்லை. தனியாக நின்று பார்த்தேன். மெஷினின் முள் சாதாரணக் கட்டியின் அளவையும் தாண்டி ஏறிக்கொண்டே போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. காட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று திரும்பினால், லேப் ஆபரேட்டர் ஸ்டெல்லா அக்கா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"போறதுக்கு முன்னாடி மெஷினைத் துடைச்சிட்டுப் போங்க சார், ஒரே தூளா இருக்கு."

சொந்தக் கூரை

வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அஸ்தினாபுரத்தில் நான் கட்டிய வீட்டுக்கே சாம்பல் கான்கிரீட்டில் கூரை போட்டேன். பால் காய்ச்சிய மறுநாளே விமலா பெட்டியைக் கட்டிக்கொண்டு மறைமலை நகரில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இவளும் சாம்பலை நம்பாத கட்சிதான் என்று எனக்கு ஒரே கசப்பு. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு மழைக்காலம் போகட்டும், பாக்கலாம்."

ஒழுகாத வீடு

ஐப்பசி அடைமழைக்கு ஒரு வாரம் லீவு போட்டு, பாயில் மல்லாந்து கூரையையே பார்த்துக் கிடந்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அத்தனை பெரிய வெற்றியில் எனக்கு நானே கஞ்சி வைத்துக் குடித்தேன். தை பிறந்ததும் மறைமலை நகருக்குப் போய், கூரை தாங்கிவிட்டது, விரிசல்கூட இல்லை, கட்டி டெஸ்டில் எவ்வளவு வந்தது தெரியுமா என்று விமலாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் என் இளைத்த முகத்தைப் பார்த்தாள்.

"கூரை தாங்கும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உங்ககிட்ட சாம்பலைத் தவிர வேற பேச்சே இல்லையேன்னுதான் வந்துட்டேன். இன்னமும் நான் எப்படி இருக்கேன்னு கேக்கலை பாருங்க."

ஊரே என்னை ஏழாம் நாளில் ஃபெயிலாக்குகிறது என்று புலம்பிய நான், வீட்டில் இருந்தவளுக்கு அந்த ஏழு நாள்கூடக் கொடுக்கவில்லை.