சிப் வைத்த பெட்டியும் ஒரிஜினல் டிஸ்க்கும்

ஓஹையோ மாநிலத்தில் நான் நர்ஸ் வேலைக்கு வந்து சேர்ந்த ஊரில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. வந்த நாலாவது மாதம் ஒரு மத்தியானம் அங்கே போய், கார் பந்தய டிஸ்க் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இஸ் திஸ் ஒரிஜினல்?" என்று கேட்டேன். மூக்கில் வளையம் போட்ட அந்தக் கடைக்காரர் மிகவும் மரியாதையானவர். இல்லை மேடம், ஒரிஜினல் விற்றுப்போய்விட்டது, இது மூன்றாவது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவிலும் டூப்ளிகேட்டா, அதையும் இப்படி முகத்துக்கு நேராகச் சொல்லியா விற்பார்கள்? டிஸ்க்கை வைத்துவிட்டு விறுவிறு என்று வெளியே வந்துவிட்டேன். வேலூருக்குப் போன் போட்டு என் கணவர் டேவிட்டிடம் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. ஒரிஜினல் என்றால் இந்த ஊரில் முதல் பாகமாம். நான் கையில் வைத்திருந்தது மூன்றாம் பாகம், எங்கள் வீட்டில் இருக்கும் அதே ஆட்டம். செருப்பு முதல் சர்டிபிகேட் வரை எதைத் தொட்டாலும் அசலா என்று கேட்டே வளர்ந்தவள் நான். கடையில் இருப்பது போலியாக இருக்கலாம் என்ற நினைப்பே அந்தக் கடைக்காரருக்கு வரவில்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வேலூர் பாகாயத்தில் வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டேவிட்டுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷேடு பார்க்கும் வேலை. தோல்களை நிறம் பார்த்துப் பிரிப்பது. எனக்கு எல்லாம் பழுப்பாகத் தெரியும் இடத்தில் அவர் பத்துப் பதினைந்து பழுப்பு பார்ப்பார். இடது காலும் வலது காலும் ஒரே நிறமாகப் பெட்டிக்குள் போவது தன் கண்ணால்தான் என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒருநாள் சென்னைக்குப் போனவர் கேம் பெட்டி ஒன்றோடு திரும்பினார். "சிப் வெச்சது" என்று ஏதோ வரம் வாங்கி வந்ததுபோலச் சொன்னார். சாதாரணப் பெட்டி போலி டிஸ்க்கை ஏற்காது. உள்ளே ஒரு சிப்பைப் பற்றவைத்துவிட்டால் எதைக் கொடுத்தாலும் விழுங்கும். டிஸ்க்குகள் ஜெராக்ஸ் அட்டை போட்ட பிளாஸ்டிக் உறைகளில் வந்தன.

அது திருட்டு என்று நான் சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவர் சனிக்கிழமை இதை ஆடலாமா என்று கேட்டேன்.

"வேலூர்ல எவன் விக்கறான் ஒரிஜினலு? விக்கவே மாட்டான், எங்க போய் வாங்கறது? நாங்க போட்ற ஷூவ ஆம்பூர்ல எந்தக் கடையில வெச்சிக்கீறான், சொல்லு பார்ப்போம்" என்றார்.

அது நிஜம்தான். அவர்கள் தைத்த ஷூ முழுவதும் கப்பலேறிப் போயிற்று. பழுதென்று கழித்தவை மட்டும், கம்பெனி பெயர் இருந்த இடத்தைக் கத்தியால் கீறிவிட்டு, பிளாட்பாரத்தில் குவியலாகக் கிடக்கும். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. திட்டிக்கொண்டே சனிக்கிழமை தோறும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆட்டம், ஒரே வண்டி. ஒரு பந்தயம் அவர், ஒரு பந்தயம் நான்.

பிறகு எனக்கு இந்த வேலை கிடைத்தது. நான் முதலில் வருவது, அவருடைய விசா ஆறு மாதத்தில் வருவது என்று பேச்சு. ஆறு மாதம் போய் ஒரு வருடம் ஆயிற்று. போனில் பேச விஷயமோ நான் வந்து மூன்று மாதத்திலேயே குறைய ஆரம்பித்திருந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, சண்டைக்குக்கூட விஷயம் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தக் கடையில் நான் தேடியது விளையாட்டை அல்ல, சனிக்கிழமையைத்தான்.

ஆகவே மறுபடியும் போய் அந்த மூன்றாம் பாகத்தையும் ஒரு பழைய பெட்டியையும் வாங்கிவந்தேன். எங்கள் ஆட்டம் பதிவாகியிருந்த மெமரி கார்டை, லீவு முடிந்து திரும்பிய என் தோழி சுகந்தியிடம் டேவிட் கொடுத்தனுப்பினார். போட்டுப் பார்த்தால், பதிவு எதுவும் இல்லை என்றது ஆட்டம். ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் அழிந்துவிட்டது என்றே நினைத்து அழுதேன். அழியவில்லை. வேலூரில் இருந்தது ஐரோப்பியப் பதிப்பின் நகல், இது அமெரிக்கப் பதிப்பு. கார்டு ஒன்றேயானாலும் ஒன்றின் பதிவை மற்றது கண்ணெடுத்துப் பார்க்காது. சரி, வீட்டு டிஸ்க்கையே அனுப்புங்கள் என்றேன். திருட்டுக்கு எதிராக முழங்கிய நானே கேட்டேன். தபாலில் வந்தது. என் பெட்டி அதை உள்ளே விடவில்லை.

இத்தனை பூட்டும் திருடனுக்காகப் போட்டது. திருடன் வேலூரில் எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். காசு கொடுத்து வாங்கிய நான்தான் வெளியே நின்றேன். கடைசியில் வழி ஒன்றுதான் இருந்தது. இங்கே புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கி, இன்னொரு அமெரிக்க டிஸ்க்கும் வாங்கி, கார்டோடு சேர்த்து அனுப்பினேன். அந்த அசல் டிஸ்க் வேலூரில் ஓடியது, சிப் வைத்ததால்!

"ஓடுது எஸ்தர்" என்றார் போனில். "ஆனா கலர் வரல. உங்கப்பா குடுத்த டிவிக்கு அமெரிக்கா கலர் புரியல. கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுது."

வேறு டிவி வாங்கலாமா என்று கேட்டேன். எதுக்கு பேஜாரு, விசா வர்ற வரைக்கும்தானே என்றார். ஊருக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் கையில் கார்டு போய்வந்தது. மாதத்துக்கு ஒருமுறை கைமாறியது. எங்களுக்கு மறுபடியும் பேச விஷயம் கிடைத்தது. மூன்றாவது வளைவில் பிரேக் போடாமல் போனது யார் என்று கண்டம் தாண்டிச் சண்டை போட்டோம். நிம்மதியாகத் தூங்கினேன்.

பெரிய பந்தயம் ஒன்றை ஜெயித்தால் வண்டிக்குப் புது நிறம் அடிக்கலாம். அதை அவர்தான் ஜெயித்தார். திரையில் பெயர் எதுவும் இல்லாமல் நிறக் கட்டங்கள் மட்டும் வரும். அவருக்கோ எல்லாமே சாம்பல். ஆனாலும் ஷேடு பார்க்கிறவர் இல்லையா? "அரக்கு அடிச்சிக்கீறேன். ரிசப்ஷன்ல நீ கட்டினியே, அந்தப் புடவை கலரு. வந்ததும் பாரு" என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கார்டு வந்தது. போட்டேன். வண்டி பளீரென்ற கிளிப்பச்சையில் நின்றது. கறுப்பு வெள்ளையில் அரக்கும் பச்சையும் ஒரே சாம்பல் போலும். அன்று அவர் போன் செய்தபோது முதலில் கேட்டதே அதைத்தான்.

"இன்னா, கலர் சரியா வந்திச்சா?"

"அதே அரக்குதாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா" என்றார்.

விசா வந்து அவர் இங்கே வந்து சேர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அந்த வண்டி வேலூரில் அரக்காகவும் இங்கே பச்சையாகவும் ஓடியது. நடுவில் இரண்டு பெரிய பந்தயம் நான் ஜெயித்தேன். நிறத்தை மாற்றவில்லை.