துடைத்த பெட்டியின் வேகம்

அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பட்டப்பெயர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். கம்ப்யூட்டர்களுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாமா, பழையதே போதுமா என்று மேனேஜர் இழுத்தபோது, வேகத்தை அளக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்.

பழைய சிஸ்டத்தை வருஷக்கணக்காகப் பராமரித்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவரே. புதுசு வந்தால் பராமரிப்பு வெளியாட்களுக்குப் போய்விடும், மச்சானுக்கு வேலை இருக்காது. அது தெரிந்தும், அளவு என்று வந்துவிட்டால் மச்சானாவது மண்ணாங்கட்டியாவது என்று வீராப்பாக இருந்தார்.

ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் இருந்ததை எல்லாம் அழித்து, சுத்தமாகத் துடைத்துப் புதுசைப் போட்டார். கணக்குப் பிரிவில் தினமும் மாடாய் உழைத்த இன்னொன்றை அப்படியே தூக்கி வந்தார். எல்லோர் முன்னாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் ஆன் செய்தார். புதுசு கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. பழையது முக்கி முனகியது. ஃபைலைத் திறந்தாலும் அதே கதை. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட் போனது. அந்த மாதக் கடைசியில் மச்சானும் போனார். அந்த வயதில் அவரை யாரும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சில மாதங்களில் புதுசும் முனக ஆரம்பித்தது. இவருக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு கம்ப்யூட்டரைத் துடைத்து, அதில் பழையதைப் போட்டுப் பார்த்தார். அதுவும் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்றது. புதுசின் வேகம் என்று அவர் எழுதிக்கொடுத்தது, துடைத்த பெட்டியின் வேகம்.

மேனேஜரிடம் ஓடினார்.

"சார், நான் அளந்தது தப்பு."

"அதுக்கு இப்போ என்ன பண்ணச் சொல்றீங்க? காண்ட்ராக்ட் போட்டாச்சு. போய் வேலையைப் பாருங்க."

மாலையில் மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் பகல் முழுக்கப் படுத்திருந்த முகத்தோடு கதவைத் திறந்தார்.

"மச்சான், ரெண்டும் ஒரே வேகம்தான்."

"தெரியும் மாப்ள. கணக்குப் பிரிவுப் பெட்டியை நீங்க தூக்கிட்டு வந்தப்பவே தெரியும்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அத்தனை பேர் முன்னாடியா? தங்கச்சி புருஷனுக்கு அளக்கத் தெரியலன்னு நானே சொல்லுவேனா?"

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. ரிப்போர்ட் எழுதுறதுக்கு முன்னாடி, தனியா வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு இருந்தேன்."