எமில்டா கேட்ட ஜனவரி

எமில்டாவைத் திமிர் பிடித்தவள் என்று திரேஸ்புரத்தில் பலர் சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பது வருஷம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றவள் நான்.

புருஷன் இறந்த மறுமாதமே கூடையைத் தூக்கினவள் அவள். ஒற்றை மகள் ஸ்டெபியை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். ஸ்டெபிக்கு இப்போது ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை.

போன வருஷம் மகள் போனில் கூப்பிட்டாள்.

“மே மாசம் வாம்மா. அதுதான் இங்க நல்ல சீசன். பூவாப் பூத்துக் கெடக்கும். ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அங்கனயும் மீன்பிடித் தடைக்காலம், போட்டு கடலுக்குப் போவாது, ஒனக்கும் யாவாரம் இருக்காது.”

எல்லாம் பொருந்தித்தான் வந்தது. எமில்டா கேட்டது வேறு.

“பனி எப்பம்ளா விழும்?”

“அது ஜனவரியில. குளிரு கொன்னுரும். நாலரைக்கே இருட்டிரும். அப்ப யாரும் ஊர் பாக்க வரமாட்டாவ.”

“நான் ஊர் பாக்கவா வாரேன்? பனி பாக்க வாரேன். ஜனவரிக்கு டிக்கெட்டு போடு.”

ஐஸ் வண்டி ஓட்டும் ஏசுவடியான் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “மயினி, இதுக்குப் பிளேன்ல போவணுமா? எங்க கம்பெனிக்கு வாங்க, ஒரு பார் ஐஸை ஒடச்சுத் தலையில கொட்டுதேன்.”

“போலே! நீ கொட்டுத ஐஸ்ல முப்பது வருசமா என் கை வெடிச்சுக் கெடக்கு. மானத்துலருந்து சும்மா விழுறதை ஒரு நாள் பாத்தா ஒங்க கம்பெனி இடிஞ்சிருமா? பொறந்ததுலருந்து பனிமய மாதாவேன்னு கூப்பிடுதேன். அந்தப் பனி என்னன்னு தெரியாமலே குழிக்குப் போவவா?”

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்கள் ஊரில் அந்தப் பனி, கோயில் மாதாவின் பெயரில் மட்டும்தானே இருக்கிறது.

“மே மாசம்னா வா, இல்லைன்னா வேண்டாம்” என்றாள் ஸ்டெபி. “அப்பம் வேண்டாம்” என்று இவளும் போனை வைத்துவிட்டாள். மூன்று மாதம் இழுத்து, மகள்தான் இறங்கி வந்தாள்.

ஜனவரியில் போய் இறங்கினால் மழை! முதல் வாரமும் மழை, இரண்டாம் வாரமும் மழை. தினமும் விடியுமுன்னே எழுந்து ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்திருக்கிறாள்.

“நான்தான் சொன்னேன்லாம்மா? சரி, ரயில்ல மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க பனி குமிஞ்சு கெடக்கும்.”

“கெடக்கிறது நம்ம மீன்பெட்டியிலயும் கெடக்கு. எனக்கு விழுறதைப் பாக்கணும்.”

“விழலைன்னா?”

“ஏளா, வலை காலியா வந்தா மறுநாள் கடலுக்குப் போவாமலா இருப்பாவ?”

ஒரு மாதம் முடிந்தது. பனி விழவே இல்லை. விமான நிலையத்தில் ஸ்டெபி கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த தடவை மேயில வாம்மா” என்றாளாம். “அது ஒன் சீசன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

தோற்று வந்தவள் என்று யாராவது அவளைச் சொன்னால் என்னிடம் வரட்டும். வருகிற ஜனவரிக்கும் விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இந்தத் தடவை ஒரு மாதம் இல்லை, மூன்று மாதம் கேட்டிருக்கிறாள்.